சமையலறையா, விண்மீனா? வானியலாளர்கள் ஒரு சமிக்ஞையை எப்போது நம்புகிறார்கள்

கணக்குப்பிள்ளை எழுதியது:

2025 ஏப்ரலில் வெளியான ஒரு செய்திதான் இவ்விழையைத் தொடங்கக் காரணம். 124 ஒளியாண்டுத் தொலைவில், சிம்ம விண்மீன் கூட்டத்தின் திசையில் இருக்கும் கே2-18பி என்னும் கோளின் வளிமண்டலத்தில் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவின் தடயம் தெரிவதாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு அறிவித்தது. புவியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன என்பதால் உலகம் முழுவதும் பரபரப்பு எழுந்தது. சில வாரங்களுக்குள், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் அதே தரவுகளை எடுத்து ஆராய்ந்த வேறு சிலர், அவ்வாறு உறுதியாகச் சொல்ல இடமில்லை என்று எழுதினார்கள்.

நான் தணிக்கைத் தொழிலில் இருந்தவன். ஒரே பேரேட்டை இரண்டு தணிக்கையாளர்கள் பார்த்து எதிரெதிரான முடிவுக்கு வந்தால், கிடங்குக்கே போய்ச் சரக்கை எண்ணிப் பார்த்துவிடலாம். வானியலில் அந்த வழி இல்லை. பொருளைத் தொட முடியாது, திருப்பிப் பார்க்க முடியாது, சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவர முடியாது. ஆஸ்திரேலியாவில் மைக்ரோவேவ் அடுப்பின் அலைகளை விண்ணிலிருந்து வந்தவையோ என்று பல ஆண்டுகள் குழம்பிக்கொண்டிருந்தார்கள் என்ற கதையையும் படித்திருக்கிறேன். இந்த நிலையில், ஒன்றை 'அறிவோம்' என்று வானியலாளர்கள் எந்தத் துணிவில் சொல்கிறார்கள்? கிண்டலாகக் கேட்கவில்லை. அவர்களுடைய வேலைமுறையைத் தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

செம்மீன் எழுதியது:

ஐயா, நல்ல கேள்வி. அந்த மைக்ரோவேவ் அடுப்புக் கதையை எல்லோரும் நகைச்சுவையாகவே சொல்கிறார்கள். ரேடியோ தரவுகளோடு அன்றாடம் மல்லுக்கட்டுகிறவள் என்ற முறையில், எங்கள் துறையின் வேலைமுறையை அதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை என்பேன். ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பார்க்ஸ் என்ற ஊருக்கு அருகே 64 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. 2001இல் அது பதிவு செய்து வைத்திருந்த பழைய தரவுகளை 2007இல் டங்கன் லோரிமர் குழுவினர் மறுபடி அலசியபோது, 5 மில்லி விநாடிக்கும் குறைவாக நீடித்த ஒரு கடும் துடிப்பு அகப்பட்டது. அதன் உயர் அதிர்வெண்கள் முதலிலும் தாழ் அதிர்வெண்கள் பின்னாலும் வந்து சேர்ந்திருந்தன. விண்வெளியில் பரவிக் கிடக்கும் எலெக்ட்ரான்களின் ஊடாக ரேடியோ அலை பயணம் செய்தால் இப்படித்தான் தாமதம் உண்டாகும். பயணம் நீள நீளத் தாமதமும் மிகும். லோரிமர் துடிப்பின் தாமதம் நமது பால்வெளி மண்டலம் முழுவதையும் கடந்தாலும் கிடைக்காத அளவுக்குப் பெரியதாக இருந்ததால், அது வேறொரு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

அதன்பின் அதே தொலைநோக்கியின் தரவுகளில் ஏறக்குறைய அதே மாதிரித் தாமதத்தோடு வேறு பல துடிப்புகளும் கண்டுபிடிக்கப்பட்டன. இவற்றுக்குப் 'பெரைட்டான்' என்று பெயரிட்டார்கள். ஆனால் இவற்றில் ஒரு கோளாறு இருந்தது. பார்க்ஸ் தொலைநோக்கியின் அன்றைய பதிவுக் கருவி ஒரே நேரத்தில் வானத்தின் 13 சிறு பகுதிகளைத் தனித்தனியாகக் கேட்கக்கூடியதாக இருந்தது. மிகத் தொலைவிலுள்ள ஒரு பொருள் அனுப்பும் துடிப்பு அவற்றில் ஒன்றிலோ, மிக வலுவாக இருந்தால் பக்கத்துப் பகுதிகள் சிலவற்றிலோ தெரியலாம். பெரைட்டான்கள் 13இலும் ஒரே அளவில் தெரிந்தன. அதாவது, அவை எங்கோ அருகிலிருந்து பக்கவாட்டில் உள்ளே நுழைகின்றன. மேலும் அவை அலுவலக நேரங்களில்தான், அதிலும் நண்பகல் உணவு வேளையை ஒட்டியே மிகுதியாக வந்தன. ஆக, அவை புவியைச் சேர்ந்தவை என்று தொடக்கத்திலேயே ஊகித்துவிட்டார்கள். 'பல ஆண்டுகள் ஏமாந்தார்கள்' என்பது பத்திரிகைகள் ஏற்றிய வண்ணம். எந்தக் கருவியிலிருந்து வருகிறது என்பது மட்டுமே தெரியாமல் இருந்தது.

2014இன் இறுதியில் அவ்வளாகத்தில் எல்லா அதிர்வெண்களையும் கண்காணிக்கும் தனிக் கருவி ஒன்று நிறுவப்பட்டது. 2015 ஜனவரியில் வந்த மூன்று பெரைட்டான்களின்போதும் அக்கருவி 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவில், மைக்ரோவேவ் அடுப்புகள் இயங்கும் அதே இடத்தில், ஓர் அலையைப் பதிவு செய்தது. உடனே கட்டுரை எழுதிவிடவில்லை. அப்போது முனைவர் பட்ட மாணவியாக இருந்த எமிலி பெட்ரோஃபும் உடனிருந்தவர்களும் அடுப்பில் தண்ணீர்க் குவளையை வைத்து ஓடவிட்டுப் பார்த்தார்கள், பெரைட்டான் வரவில்லை. அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து, தொலைநோக்கியை வெவ்வேறு கோணங்களில் திருப்பிப் பார்த்தபோது வந்தது. மணி அடிக்கும்வரை பொறுக்க முடியாத யாரோ கதவை இழுத்துத் திறந்ததுதான் காரணம். அடுப்புக்குள் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் என்ற உறுப்பு அணைகிற அந்தக் கணத்தில் கசியும் அலை, அதிர்வெண் மாறிக்கொண்டே போய், தொலைதூரத் துடிப்பைப்போல வேடமிட்டிருந்தது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இவ்வளவு விரிவாக விளக்கியமைக்கு நன்றி, அம்மா. ஆனால் ஐயம் இப்போது இன்னும் கூர்மையாகிறது. பெரைட்டான்கள் அடுப்பிலிருந்து வந்தவை என்றால், அதே தொலைநோக்கியில் அதே மாதிரித் தாமதத்தோடு பதிவான லோரிமரின் துடிப்பும் அடுப்பிலிருந்து வந்திராது என்று எப்படிச் சொல்வது?

செம்மீன் எழுதியது:

அந்த ஐயம் துறைக்குள்ளும் பலமாகவே எழுந்தது. லோரிமர் துடிப்பு 13 பகுதிகளிலும் தெரியாமல் சிலவற்றில் மட்டும் தெரிந்தது என்பது அதற்கு ஆதரவான சான்று. ஆனாலும் ஒரே ஒரு தொலைநோக்கியின் சான்றை வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாக உறங்கவில்லை. 2012இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியில் ஒரு துடிப்பு பதிவானது. அங்கே பார்க்ஸின் அடுப்பு கிடையாது. அந்தத் துடிப்பு பின்னர் திரும்பத் திரும்ப வந்ததால், அமெரிக்காவில் பரந்து நிற்கும் பல அலைவாங்கிகளை ஒருங்கே அதன்மீது திருப்பி, 2017இல் அது ஏறத்தாழ 300 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு சிறு விண்மீன் மண்டலத்திலிருந்து வருகிறது என்று இடத்தைச் சுட்டிவிட்டார்கள். 2020 ஏப்ரலில் நமது பால்வெளியிலேயே இருக்கும் ஒரு மேக்னட்டாரிலிருந்து அத்தகைய துடிப்பு வந்ததைக் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்த தனித்தனிக் கருவிகள் பதிவு செய்தன. மேக்னட்டார் என்பது மிக வலிய காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன், அதாவது பெரிய விண்மீன் ஒன்று வெடித்தபின் எஞ்சும் மிகச் செறிந்த உட்கரு. இவ்வளவும் ஆன பிறகுதான் பேச்சில் ஓர் உறுதி வந்தது.

வைகறை எழுதியது:

செம்மீன் அம்மையார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நண்பகல் உணவு வேளை என்ற குறிப்பு தற்செயலானதன்று. ஒரு சமிக்ஞை எந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்படுகிறது என்று பார்ப்பது வானியலாளர்களின் பழைய உத்தி. மனிதர்களின் வேலைகள் 24 மணி நேரச் சுழற்சியில் நடக்கின்றன. விண்மீன்களோ 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சிக்கு வருகின்றன. புவி சூரியனையும் சுற்றுவதால் உண்டாகும் வேறுபாடு இது. நாளுக்கு 4 நிமிடம் முந்திக்கொண்டே போவது ஒரு மாதத்தில் 2 மணி நேரமாகிவிடும். ஆகவே, சில வாரங்கள் பொறுத்திருந்தால், வந்தவர் ஊர்க்காரரா விருந்தாளியா என்பது தானே வெளிப்பட்டுவிடும்.

1967இல் கேம்பிரிட்ஜில் ஜோஸ்லின் பெல் என்ற ஆய்வு மாணவி கண்டது இதற்கு எடுத்துக்காட்டு. அவர் பயன்படுத்திய அலைவாங்கி, நாலரை ஏக்கர் நிலத்தில் மரக்கம்பங்களை நட்டுக் கம்பிகளை இழுத்துக் கட்டியது. கட்டுமான வேலையில் அவரும் ஈடுபட்டிருந்தார். நாள்தோறும் ஏறக்குறைய 100 அடி நீளத் தாளில் பேனா முனை வரைந்து தள்ளும் கோட்டை அவர் கண்ணாலேயே படித்துவந்தார். நூற்றுக்கணக்கான அடித் தாளில் அரை அங்குலத்துக்கு மேல் போகாத ஒரு சிறு கிறுக்கல், வழக்கமான இடையூறு மாதிரியும் இல்லாமல் வழக்கமான விண்பொருள் மாதிரியும் இல்லாமல் உறுத்தியது. இதே இடத்தில் முன்பும் பார்த்திருக்கிறோமே என்று பழைய சுருள்களைப் புரட்டினார். அது விண்மீன் கடிகாரத்தைப் பின்பற்றியது. நவம்பர் இறுதியில் வேகமாக ஓடும் பதிவுக் கருவியை வைத்துப் பார்த்தபோது, 1.33 விநாடிக்கு ஒருமுறை தவறாமல் துடித்தது.

அவ்வளவு ஒழுங்கான துடிப்பு என்றதும் அவருடைய மேற்பார்வையாளர் ஆன்டனி ஹியூயிஷ், மனிதர்கள் செய்ததாகவே இருக்கும் என்று கருதினார். விண்மீன் கடிகாரத்தின்படி வேலை செய்யும் மனிதர்களும் இருக்கிறார்கள் அல்லவா, அவர்கள் வானியலாளர்கள்தாமே! ஆகவே, உங்களிடம் இப்படி ஏதேனும் ஆய்வு நடக்கிறதா என்று மற்ற ஆய்வகங்களுக்கு எழுதிக் கேட்டார்கள். நிலவில் பட்டுத் திரும்பும் ரேடாரா, விந்தையான பாதையில் சுற்றும் செயற்கைக்கோளா, அலைவாங்கிக்குத் தெற்கே நின்ற பெரிய தகரக் கட்டடத்தின் எதிரொலியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்கினார்கள். வேறொரு அலைவாங்கியிலும் அது தெரிந்ததால் கருவிக் கோளாறும் நீங்கியது. வேற்றுக்கோள் உயிர்கள் அனுப்புவதாயின் அவர்களுடைய கோளும் தன் விண்மீனைச் சுற்ற வேண்டும், அச்சுற்றால் துடிப்பின் இடைவெளி ஏறியிறங்க வேண்டும். பார்த்ததில் நமது புவியின் நகர்வால் வரும் மாற்றம் மட்டுமே இருந்தது. டிசம்பர் 21 அன்று வானத்தின் வேறொரு மூலையில் இரண்டாவது துடிப்பைப் பெல் கண்டார். அதன் பிறகே ஐயம் தீர்ந்து, 1968 பிப்ரவரியில் கட்டுரை வெளிவந்தது. இப்படி ஒழுங்காகத் துடிக்கும் விண்மீன்களைத்தான் இன்று பல்சர் என்கிறோம். நோபல் பரிசு 1974இல் ஹியூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது, பெல்லுக்குப் போகவில்லை என்பது தனிக் கதை. அதைப் பற்றி எனக்கு உள்ள கோபத்தை இங்கே எழுதப் போவதில்லை.

ஊசிமுனை எழுதியது:

வெற்றி பெற்றவர்களின் கதைகளை மட்டும் வரிசைப்படுத்தினால் எந்தத் துறையும் அழகாகத்தான் தெரியும். இத்தனை வடிகட்டிகளையும் தாண்டித் தவறான முடிவு அச்சேறியதே இல்லையா? அச்சேறினால் என்ன செய்கிறார்கள்?

வைகறை எழுதியது:

அச்சேறியிருக்கிறது, அதுவும் மிகத் தேர்ந்தவர்களின் கையால். 1991 ஜூலையில் இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்க் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ லைனும் வேறு இருவரும், ஒரு பல்சரைச் சுற்றி ஒரு கோள் இருப்பதாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சூரியக் குடும்பத்துக்கு அப்பால் ஒரு கோள் என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று சொல்லத் தேவையில்லை. கோளின் சுற்றுக்காலம் 6 மாதம். புவியின் ஆண்டில் சரிபாதி என்பதே துறையினர் பலருக்கு உறுத்தலாக இருந்தது, அவர்களுக்கும் உறுத்தியது. சரிபார்த்தார்கள், தவறு அகப்படவில்லை.

கட்டுரைக்குப் பிறகும் லைன் அந்தப் பல்சரை விடவில்லை. வானத்தில் அதன் இடத்தை மேலும் துல்லியமாக அளந்தபோது, முன்பு எடுத்துக்கொண்ட இடம் சற்றே பிசகியிருந்தது தெரிந்தது. அந்தப் பிசகும், கணக்கின் ஒரு படியில் புவியின் பாதையைச் சரியான வட்டம் என்று எளிமையாக வைத்துக்கொண்டதும் சேர்ந்து, 6 மாதத்துக்கு ஒருமுறை ஏறியிறங்கும் போலி அலை ஒன்றைத் தோற்றுவித்திருந்தன. திருத்தியதும் கோள் மறைந்துவிட்டது. 1992 ஜனவரியில் அட்லாண்டா நகரில் நடந்த அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்தில், அக்கோளைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டிருந்த அவர், மேடையேறி அக்கோள் இல்லை என்று விளக்கினார். அரங்கம் நெடுநேரம் கைதட்டியது.

அதே கூட்டத்தில் அலெக்சாண்டர் வோல்ஷ்சான், வேறொரு பல்சரைச் சுற்றி இரண்டு கோள்கள் இருப்பதாக அறிவித்தார் என்பதுதான் இதில் வியப்பு. லைனின் தவறு எங்கே நேர்ந்தது என்று அறிந்த நிலையில் வோல்ஷ்சானின் கணக்கு மிகக் கடுமையாகப் பார்க்கப்பட்டது. சுற்றுக்காலங்கள் ஏறக்குறைய 67 நாளும் 98 நாளும், புவியின் ஆண்டோடு தொடர்பில்லாதவை. இரண்டும் உண்மையான கோள்களானால் ஒன்றையொன்று ஈர்த்துச் சற்றே இழுபறி செய்ய வேண்டும் என்று முன்கூட்டிச் சொன்னார்கள், 1994இல் அந்த இழுபறியும் தரவில் தெரிந்தது. கருவியின் பிசகு இப்படிப்பட்ட இழுபறியைத் தானாகக் கற்பனை செய்துகொள்ளாது.

நீலமலைவாசி எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா 'சோதனை செய்ய முடியாது' என்று எழுதியதைப் பற்றிச் சில வரிகள். நாமாகச் சோதனை நடத்த முடியாதபோது, இயற்கை நடத்தும் சோதனை எங்கே எப்போது நடக்கும் என்று கணக்கிட்டு, அங்கே போய்க் காத்திருப்பதுதான் வழி.

உதகைக்கு அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி அந்த எண்ணத்தில் பிறந்தது. 1960களில் ஒரு ரேடியோ ஊற்று, அதாவது ரேடியோ அலை அனுப்பும் விண்பொருள், வானத்தில் எந்தப் புள்ளியில் இருக்கிறது, எவ்வளவு அகலமானது என்று துல்லியமாக அறிவது கடினமாக இருந்தது. நிலவின் இடமோ எந்நேரமும் துல்லியமாகத் தெரியும். நிலவின் விளிம்பு ஓர் ஊற்றை மறைக்கும் கணத்தையும், மறையும்போது அலை எப்படி நடுங்கி அணைகிறது என்பதையும் பதிவு செய்தால், ஊற்றின் இடமும் அளவும் கிடைத்துவிடும். 1962இல் பார்க்ஸ் தொலைநோக்கியால் 3சி 273 என்ற ஊற்றை இவ்வாறு பார்த்ததிலிருந்துதான் விண்மீன்போலத் தோன்றினாலும் மிகத் தொலைவிலிருந்து பேரொளி வீசும் குவாசர்கள் என்னவென்று அடுத்த ஆண்டு புரிந்தது. இந்திய ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப், இதற்கென்றே ஒரு பெரிய தொலைநோக்கி வேண்டும் என்று எண்ணியபோது, நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதையே வசதியாக்கிக்கொண்டார். உதகையின் அகலாங்கு ஏறக்குறைய 11 பாகை. அதே 11 பாகைச் சரிவுள்ள மலைச்சரிவைத் தேடி, வடக்கு தெற்காக 530 மீட்டர் நீளத்துக்குத் தொலைநோக்கியைக் கிடத்தினால், அதன் அச்சு புவியின் அச்சுக்கு இணையாகிவிடும். ஒரே அச்சில் உருட்டிக்கொண்டே நிலவை மணிக்கணக்கில் பின்தொடரலாம். 1970இல் அது வேலைக்கு வந்தது. அந்தச் சரிவில் நின்று பார்த்தால், எஃகுச் சட்டங்களும் அவற்றினூடே ஓடும் மெல்லிய கம்பிகளும் மலையோடு ஒட்டிப் படுத்திருப்பதைக் காணலாம். இரும்புக்கும் கம்பிக்கும் ஆன செலவைவிட, அந்தச் சரிவைத் தேர்ந்த யோசனைக்கே மதிப்பு மிகுதி.

இதே வகையில் 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு மங்கலான விண்மீனை மறைக்கவிருந்தது. யுரேனஸின் விட்டத்தையும் வளிமண்டலத்தையும் அளப்பதற்காக ஜேம்ஸ் எலியட் குழுவினர், தொலைநோக்கி பொருத்திய விமானத்தில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே பறந்தார்கள். முன்கணிப்பு துல்லியமாக இல்லாததால் பதிவுக் கருவியை வெகு முன்னதாகவே ஓடவிட்டார்கள். கோள் வருவதற்கு அரை மணி நேரத்துக்கும் முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது, பிறகு மறுபடி மறுபடி மங்கியது. மேகமா, கருவிக் கோளாறா என்று விமானத்திலேயே வாதம் நடந்தது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் 102 செ.மீ. தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதே இரவில் ஒளி மங்குவதைப் பதிவு செய்து, யுரேனஸின் புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று எழுதினார்கள். கோளின் ஒருபுறம் கண்ட மங்கல்களும் மறுபுறம் கண்ட மங்கல்களும் சமதூரத்தில் அமைந்திருந்ததை ஒப்பிட்டபோது, துணைக்கோள் என்ற விளக்கம் நிற்கவில்லை. அவை யுரேனஸைச் சுற்றியுள்ள மெல்லிய வளையங்கள். 1986 ஜனவரியில் வாயேஜர் 2 அங்கே போய்ப் படமெடுத்தது. ஐயா சொன்ன கிடங்குக்கு அபூர்வமாகச் சில வேளை போகவும் முடிகிறது.

ஊசிமுனை எழுதியது:

இவையெல்லாம் வெளியிலிருந்து வரும் பிசகுகள். கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசை உள்ளிருந்து செய்யும் பிசகை எப்படித் தடுப்பார்கள்? ஒருவருக்கு ஒரு விளக்கத்தின்மேல் பற்று வந்துவிட்டால், எந்தக் கணக்கையும் அதற்கேற்ப வளைக்கலாமே.

செம்மீன் எழுதியது:

அதற்கு மிகக் கடுமையான முறை ஒன்றை, ஈர்ப்பலைகளை (பெரும் பொருள்கள் மோதும்போது வெளியிலேயே எழுந்து பரவும் அலைகளை) தேடிய லைகோ குழுவினர் கையாண்டார்கள். மிகச் சிலர் மட்டும் அறிய, கருவிக்குள் போலிச் சமிக்ஞை ஒன்றை இரகசியமாகச் செலுத்திவிடுவார்கள். மற்றவர்கள் அதை உண்மையென்றே எடுத்துக்கொண்டு பகுப்பாய்வு முழுவதையும் செய்ய வேண்டும். 2010 செப்டம்பரில் பெருநாய் விண்மீன் கூட்டத்தின் திசையிலிருந்து வந்ததுபோல் ஓர் அலை பதிவானது. பல மாதம் உழைத்துக் கட்டுரையை எழுதி முடித்து, 2011 மார்ச்சில் கூடி உறையைத் திறந்தார்கள். போலி என்று இருந்தது. இதனால் 2015 செப்டம்பர் 14 அன்று உண்மையான ஈர்ப்பலை வந்தபோதும், இது யாரேனும் செலுத்தியதா என்பதே பலருடைய முதல் கேள்வியாக இருந்தது; அறிவிப்பு வெளிவர ஏறக்குறைய 5 மாதம் ஆயிற்று. எல்லாக் குழுக்களுக்கும் இவ்வளவு ஆள்பலமும் காலமும் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி கே2-18பி. அக்கோள் 33 நாளுக்கு ஒருமுறை தன் விண்மீனுக்கு முன்னே கடக்கும்போது, விண்மீனொளியில் மிகச் சிறு பங்கு கோளின் வளிமண்டலத்தினூடே வடிந்து வருகிறது. அவ்வொளியை நிறம் நிறமாகப் பிரித்து எந்த நிறம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து வாயுக்களை ஊகிக்கிறார்கள். 2023இல் மீத்தேன் தெரிந்ததைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். 2025இன் அறிவிப்போ மூன்று சிக்மா அளவிலானது. இரைச்சலே அப்படித் தோன்றியிருக்க ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு என்று பொருள். கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து சிக்மா வேண்டும் என்பதை மதுசூதன் குழுவே கூறியது. மறுத்தவர்களில் ஒருவர், அந்த நிறமாலையில் ஒரு நேர்கோட்டைப் பொருத்தினாலும் பொருந்துகிறது என்று காட்டினார். வேறொரு குழு, ஒப்பிடும் வாயுக்களின் பட்டியலை நீட்டினால் வேறு பல வாயுக்களும் அதே அளவு பொருந்துகின்றன என்றது. அத்துடன், 67பி என்ற வால்விண்மீனிலும் டைமெத்தில் சல்ஃபைடு இருந்திருக்கிறது. அங்கே கடலும் இல்லை, உயிரும் இல்லை.

ஐயா, ஒரே பேரேட்டை இருவர் பார்த்தார்கள் என்று எழுதினீர்கள். அவர்கள் பார்க்க முடிந்ததற்குக் காரணம், அந்தத் தொலைநோக்கியின் தரவுகள் பொதுவில் வைக்கப்படுகின்றன என்பதுதான். பொதுவாக ஓராண்டு வரை விண்ணப்பித்த குழுவுக்கு முன்னுரிமை இருக்கும், பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நேரம் கேட்டு வரும் விண்ணப்பங்களையும், எழுதியவர் யார் என்பதை மறைத்தே மதிப்பிடுகிறார்கள். கேட்கும் நேரம் இருக்கும் நேரத்தைப்போலப் பல மடங்கு என்பதால், பெரும்பாலான விண்ணப்பங்கள் திரும்பி வந்துவிடும். வானியலாளர் என்றால் இரவெல்லாம் குளிரில் நின்று குழாய் வழியாகப் பார்ப்பவர் என்ற படத்தை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எங்கள் மாதங்களில் பெரும்பகுதி விண்ணப்பம் எழுதுவதிலும், நிரல் எழுதுவதிலும், பிறருடைய கணக்கில் ஓட்டை தேடுவதிலும் போகிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அப்படியானால் கே2-18பி விவகாரத்தில் எதைப் பார்த்தால் நான் நம்பலாம்?

செம்மீன் எழுதியது:

மூன்றைப் பாருங்கள், ஐயா. கோள் மேலும் சிலமுறை கடக்கும்போது எடுத்த புதிய தரவிலும் அதே நிறங்களில் அதே குறைவு தெரிய வேண்டும். 16 முதல் 24 மணி நேரக் கண்காணிப்பு கூடுதலாகக் கிடைத்தால் ஐந்து சிக்மாவை எட்டலாம் என்று அக்குழு கணித்திருக்கிறது. அத்தரவை வேறு நிரல்களால் ஆராயும் குழுக்களும் அதே வாயுவைச் சொல்ல வேண்டும். உயிரில்லாமல் அந்த வாயு அவ்வளவு உண்டாகாது என்று வேதியியலாளர்கள் காட்ட வேண்டும். மூன்றாவதுதான் மிகக் கடினம். முதல் இரண்டும் நாளையே நிறைவேறினாலும், வாயு இருக்கிறது என்பது வரைதான் நான் கையெழுத்திடுவேன்.